பேரனோடு நின்றுவிடுமா சீக்கியம்?

மகள் சீக்கியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு கனடாவில் பிராம்ப்டனில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பேரனுக்கு ஒன்பது வயது. பஞ்சாபி காதில் விழுந்தால் ஓரளவு புரியும், படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்கு, அதாவது சீக்கியர் கோயிலுக்கு, கிளம்பச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். 'இவனோடு எல்லாம் முடிந்துவிடுமோ' என்று சம்பந்தி அம்மா உங்களிடம் போனில் அழுதிருக்கிறார். சீக்கியர்கள் இத்தனை காலமாக இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சேர்த்தார்கள், இப்போது எங்கே சிக்குகிறது, தமிழ்ப் பாட்டியான நீங்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா என்பது உங்கள் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கியப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மதம் கை வழியாகவும் காது வழியாகவும் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வழி இன்னும் பலமாகவே இருக்கிறது. விட்டுப்போவது பொருள் புரிய வேண்டிய இடத்தில். என்ன பாடுகிறோம், ஏன் முடியை வெட்டாமல் வைத்திருக்கிறோம் என்று பிள்ளை கேட்கும் வயதில் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்த காலத்தில் பஞ்சாபிப் பெற்றோர்கள் பலரோடு நெருங்கிப் பழகினேன். பஞ்சாபியை எழுதும் குருமுகி எழுத்தை நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கை வழி என்றேனே, அதை முதலில் பார்ப்போம். குருத்வாராவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் வேலை உண்டு. லங்கர் என்னும் பொதுப் பந்தியில் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போகலாம், தண்ணீர் ஊற்றலாம், கழற்றிப் போட்ட செருப்பை வாங்கி அடுக்கலாம். யாரும் உட்கார வைத்துப் போதிப்பதில்லை. தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பணக்காரர் யார், ஏழை யார் என்று பார்க்காமல் பரிமாறிப் பழகுகிற பிள்ளைக்கு, சீக்கியத்தைத் தொடங்கிய குரு நானக் சொன்னதில் பாதி பாடம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. வீட்டில் கையில் ஒரு கடா, அதாவது இரும்பு வளையம். காலையில் அம்மா கங்கா என்னும் சீப்பால் முடி சீவி உச்சியில் ஜூடா என்னும் கொண்டை போட்டு, மேலே பட்கா என்னும் சிறு தலைத்துணி கட்டிவிடுகிறார். தினமும் நடக்கிற இந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனையோ கதைகள் பிள்ளையின் காதில் விழுகின்றன. 'சாகி' என்று அவர்கள் சொல்லும் குருமார் கதைகள் பெரும்பாலும் தாதி, நானி என்னும் பாட்டிமார் சொல்லி வருபவை.

காது வழிக்கு நல்ல உதாரணம் அர்தாஸ். தினசரி வழிபாட்டின் முடிவில் எல்லோரும் எழுந்து நிற்க, ஒருவர் சொல்லும் பிரார்த்தனை அது. இடையிடையே கூடியிருப்பவர்கள் 'வாகேகுரு' என்று கடவுள் பெயரைச் சேர்ந்து சொல்வார்கள். கேட்பதற்குப் பிரார்த்தனை போல இருந்தாலும் அதற்குள் ஒரு சமூகத்தின் சரித்திரமே இருக்கிறது. பத்து குருமார்கள் வருகிறார்கள். பத்தாவது குருவான கோவிந்த் சிங் முதலில் தீட்சை கொடுத்த ஐந்து அன்பர்களும் அவருடைய நான்கு மகன்களும் வருகிறார்கள். நம்பிக்கையை விடாததால் அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், சக்கரத்தில் கட்டப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் வருகிறார்கள். கேசத்தைக் கடைசி மூச்சுவரை காத்தவர்கள் என்று ஒரு வரி உண்டு. 1920களில் குருத்வாராக்களை மீட்கும் போராட்டத்தில் உயிர் விட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். 1947-க்குப் பிறகு இன்னொரு வேண்டுதல் சேர்ந்தது: பாகிஸ்தான் பக்கம் பிரிந்துபோன, நானக் பிறந்த நன்கானா சாகிப்பையும் மற்ற குருத்வாராக்களையும் தடையில்லாமல் தரிசிக்கும் பேறு கொடு என்று. 2019 நவம்பரில் பாகிஸ்தானில் உள்ள கர்தார்பூர் குருத்வாராவுக்குப் பாதை திறந்தபோது பஞ்சாபில் வயதானவர்கள் கண்ணீர் விட்டதற்குக் காரணம், எழுபது வருஷமாகத் தினமும் கேட்ட வேண்டுதலில் ஒரு பகுதியாவது பலித்ததுதான். பாடப் புத்தகம் இல்லாமல் ஒரு சமூகம் தன் நினைவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அது பஞ்சாபியில் இருக்கிறது. உங்கள் பேரன் அந்த நேரத்தில் கால் மாற்றி நின்றுகொண்டு, எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கவலை புதிதும் இல்லை. நானக்குக்கு ஸ்ரீ சந்த், லக்மி தாஸ் என்று இரண்டு மகன்கள். குருபீடத்தை இருவருக்கும் கொடுக்காமல், லேஹ்ணா என்ற சீடருக்கு அங்கத் என்று பெயரிட்டுக் கொடுத்தார். பிறப்பால் மட்டும் வருகிற சொத்தாக இது இருக்கக் கூடாது என்பது முதல் கைமாற்றத்திலேயே முடிவாகிவிட்டது. அந்த குரு அங்கத் செய்த பெரிய காரியம் குருமுகி எழுத்தை ஒழுங்கு செய்து பரப்பியது. கதூர் சாகிப்பில் மல் அகாடா என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு மல்யுத்தப் பயிற்சியும் நடந்தது, எழுத்தும் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்று சொல்வார்கள். உடம்பும் எழுத்தும் ஒரே இடத்தில் என்ற அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம் 1873. அமிர்தசரஸில் மிஷன் பள்ளியில் படித்த சீக்கிய மாணவர்கள் நான்கு பேர் கிறிஸ்தவத்துக்கு மாறப்போவதாக அறிவித்தார்கள். நான்கே பேர்தான், ஆனால் ஊர் கலங்கிப்போனது. அந்த வருஷமே சிங் சபா என்ற சீர்திருத்த அமைப்பு தொடங்கியது. அவர்கள் கண்டனக் கூட்டம் போட்டதோடு நிற்காமல் பள்ளிக்கூடம் கட்டினார்கள், அச்சகம் வைத்தார்கள். 1892-இல் அமிர்தசரஸில் கால்சா கல்லூரி வந்தது. அதே வருஷம் ஃபிரோஸ்பூரில் பாய் தக்த் சிங்கும் அவர் மனைவி ஹர்னாம் கௌரும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பாய் வீர் சிங் 1894 முதல் எளிய பஞ்சாபியில் சிறு பிரசுரங்கள் அச்சிட்டுப் பரப்பும் வேலையில் இறங்கினார். பிள்ளை எந்த இடத்தில் கைவிட்டுப் போகிறானோ அந்த இடத்திலேயே நல்ல மாற்று வைக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று அந்தத் தம்பதி கண்டுகொண்டது பெரிய விஷயம்.

சரி, மொழிக்கு வருகிறேன். இதில்தான் எல்லாம் சிக்கியிருக்கிறது. சீக்கியர்கள் குருவாகவே வணங்கும் புனித நூலான குரு கிரந்த் சாகிப் 1430 பக்கம். பக்கத்தை அவர்கள் 'அங்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். அதில் இருப்பது இன்றைய பேச்சுப் பஞ்சாபி இல்லை என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. பழம் பஞ்சாபி, பிரஜ் என்னும் வட இந்திய மொழி, பாரசீகச் சொற்கள் எல்லாம் கலந்த 'சந்த பாஷை', அதாவது ஞானிகளின் மொழி அது. மராட்டிய மண்ணின் நாமதேவர், காசியின் கபீர், ரவிதாஸ், பஞ்சாபின் சூஃபி ஞானி ஃபரீத் என்று பலருடைய பாடல்கள் உள்ளே இருக்கின்றன. ஆகவே லூதியானாவில் பிறந்து வளர்ந்து நாள் முழுக்கப் பஞ்சாபி பேசுகிற பையனுக்கும் நேராகப் புரியாது. அவனுக்கும் உரை வேண்டும். 'வெளிநாட்டில் வளர்ந்ததால் இவனுக்குப் புரியவில்லை' என்று சம்பந்தி வீட்டார் நினைத்தால் அது பாதிதான் சரி. பஞ்சாபில் இருக்கிற பையனுக்கு 'புரிகிறது' என்ற நினைப்பு இருக்கிறது, உங்கள் பேரனுக்கு அதுவும் இல்லை.

சிங்கப்பூரில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் விளங்கும். அங்கே பள்ளியில் தாய்மொழிப் பாடமாக இருந்த ஒரே இந்திய மொழி தமிழ். அதனால் சீக்கியப் பிள்ளைகள் பெரும்பாலும் மலாயை எடுத்துப் படித்தார்கள். வீட்டில் பஞ்சாபி, பள்ளியில் ஆங்கிலமும் மலாயும். குருமுகி எழுத்தே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. பஞ்சாபி உள்ளிட்ட வேறு ஐந்து இந்திய மொழிகளையும் எடுக்கலாம் என்று அரசு அனுமதித்த பிறகு, 1990-இல் சீக்கியக் கல்வி அறக்கட்டளை அமைந்தது. வார இறுதி வகுப்புகள் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தன, பொதுத் தேர்வில் பஞ்சாபி எழுதினார்கள். தேர்வில் மதிப்பெண் உண்டு என்றதும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. எதற்காக அனுப்பினாலும் சரி, எழுத்துத் தெரிந்த பிள்ளை தானாகக் குட்காவை, அதாவது தினசரிப் பாட்டுப் புத்தகத்தை, எடுத்துப் படிக்க முடிந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எழுத்து மட்டும் போதாது. பார்த்தே படிக்கத் தெரிந்து பொருள் தெரியாத பிள்ளைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. வெளிநாட்டுக் குருத்வாராக்கள் பலவற்றில் இப்போது கீர்த்தன் நடக்கும்போதே பாடும் வரி குருமுகியிலும் ஆங்கில உரையோடும் சுவரில் திரையில் ஓடுகிறது. ஆரம்பத்தில் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, பிள்ளைகள் குருவான கிரந்தத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்கிறார்கள் என்றார்கள். நான் திரையின் பக்கம்தான். பொருள் தெரிந்து கேட்கிற பிள்ளை இரண்டு வருஷத்தில் தானே கேள்வி கேட்க ஆரம்பிக்கும். உரை மூலத்துக்கு ஈடாகாது, உண்மைதான். ராகத்தோடு பாடுவதற்கென்றே எழுதிய பாட்டை ஆங்கில உரைநடையில் கேட்டால் அதன் இனிமையில் பெரும்பகுதி போய்விடும். ஆனாலும் முதல் வாசல் எந்த மொழியில் இருந்தாலும் பிள்ளை உள்ளே வரட்டும் என்பதே என் கருத்து.

அடுத்து முடி. எல்லாக் குடும்பத்திலும் சண்டை இங்கேதான் வெடிக்கிறது. சீக்கிய ஒழுக்க நூலான ரெஹத் மர்யாதாவை 1945-இல் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. குழந்தை பிறந்தபோது இருந்த முடியை அப்படியே காக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சொல்வது சுலபம். பள்ளி விளையாட்டு மைதானத்தில் பட்காவைப் பிடித்து இழுக்கும் பையன்களுக்கு நடுவே நிற்பது ஒன்பது வயதுப் பிள்ளைதான். இதற்காகச் சீக்கியர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். பர்மிங்காமில் ஒரு பள்ளி தலைப்பாகையைக் காரணம் காட்டி ஒரு பையனைச் சேர்க்க மறுத்தது. 1983-இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை பையனின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கியூபெக்கில் ஒரு மாணவன் பள்ளிக்குக் கிர்பான் என்னும் சிறு வாளை அணிந்து வரலாமா என்ற வழக்கில், உறைக்குள் வைத்து உடைக்குள் தைத்துப் பாதுகாப்பாக அணியலாம் என்று 2006-இல் கனடா உச்ச நீதிமன்றம் வழி விட்டது. பிரான்ஸில் பள்ளியில் மத அடையாளங்களைத் தடுக்கும் 2004 சட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளியில் தலைப்பாகைக்கு இடமில்லை, பிள்ளைகள் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். இந்தியாவிலும் 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியருக்கு எதிராக நடந்த கலவரத்தில் உயிர் பிழைப்பதற்காகவே பிள்ளைகளின் முடியை வெட்டிய தாய்மார் உண்டு. அந்தக் குடும்பங்களில் முடி என்பது வெறும் வழக்கமாக இல்லை, அதைப் பற்றிப் பேசினாலே பெரியவர்களின் குரல் மாறிவிடும். உங்கள் சம்பந்தி அம்மாவின் கண்ணீரில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

முடியை வெட்டிக்கொண்ட பிள்ளையை ஒதுக்கி வைப்பது பெரிய தப்பு என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. வெட்டிய பிறகு 'இனி குருத்வாராவுக்கு எந்த முகத்தோடு வருவாய்' என்று தாத்தா கேட்டுவிட்டால் அவன் வருவதே இல்லை. அதே பையனிடம் 'வா, லங்கரில் ஆள் வேண்டும்' என்று சொன்ன வீடுகளில் இருபத்தைந்து வயதில் தானாக முடி வளர்த்துத் தலைப்பாகை கட்டியவர்கள் உண்டு.

பெரியவர்கள் பேசத் தயங்குகிற இன்னொன்றும் இருக்கிறது. குரு எல்லோரும் சமம் என்று சொன்னார் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு ஊரில் ஜாட் சாதியாருக்கு ஒரு குருத்வாரா, தலித்துகளுக்கு ஒரு குருத்வாரா என்று பிள்ளை பார்க்கிறது. கல்யாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வியே சாதி. ஹர்மந்திர் சாகிப்பின், அதாவது அமிர்தசரஸ் பொற்கோயிலின், உள்ளே பெண்கள் கீர்த்தன் பாட அனுமதிக்க வேண்டும் என்று 2019-இல் பஞ்சாப் சட்டமன்றமே தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. நிர்வாகத் தேர்தல் என்றால் கோஷ்டி, கைகலப்பு. பதினைந்து வயதுப் பெண் 'கிரந்தத்தில் இருப்பது உண்மையா, இங்கே நடப்பது உண்மையா' என்று கேட்டால் என்ன சொல்வது? மழுப்புகிற குடும்பத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். ஆங்கிலப் பள்ளியையும் கைபேசியையும் குறை சொல்பவர்கள் இந்த முரணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவள் கேட்பது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, கிரந்தத்தை அவள் கையில் கொடுத்து, நீயே படித்துப் பார் என்று சொல்லும் பெற்றோர் அவளை இழப்பதில்லை.

இளையவர்கள் தாமாகவே திரும்பி வருகிற இடங்களும் நிறைய இருக்கின்றன. கட்கா என்ற வாள், கம்பு விளையாட்டு ஒன்று. முன்பு ஹோலா மொகல்லா திருவிழாவில் நிஹங்குகள் என்னும் சீக்கிய வீரர்கள் ஆடிப் பார்த்தது, இப்போது டொரான்டோவிலும் லண்டனிலும் வகுப்பாக நடக்கிறது, பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். இசை இன்னொன்று. ஆர்மோனியத்தை விட்டு ரபாப், தில்ருபா, தாவூஸ் போன்ற பழைய தந்தி வாத்தியங்களைத் தேடிப் போகிறவர்களில் வெளிநாட்டில் பிறந்த இளைஞர்கள் கணிசம். குரு நானக்கோடு ஊர் ஊராக நடந்த மர்தானா வாசித்தது ரபாப்தான் என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் காசியாபாத் குருத்வாராவில் மூச்சுத் திணறியவர்களுக்கு 'ஆக்சிஜன் லங்கர்' நடத்தியது போன்ற சேவையைப் பார்த்து, நாமும் போவோம் என்று கிளம்புகிறவர்கள் அதைவிட அதிகம். கோடை விடுமுறையில் நடக்கும் குர்மத் முகாம்களையும், அதாவது பிள்ளைகளுக்கான சீக்கிய நெறி முகாம்களையும், சொல்ல வேண்டும். அங்கே தன் வயதுப் பிள்ளைகள் நூறு பேர் பட்கா கட்டி ஓடுவதைப் பார்க்கிறான். பள்ளியில் அவன் ஒருவன்தான் வித்தியாசம், இங்கே அவன் எல்லோரையும் போல. பிராம்ப்டனில் இருக்கிற உங்கள் மகள் வீட்டார் இதில் கொடுத்து வைத்தவர்கள். கனடாவில் 2021 கணக்கெடுப்பின்படி 7.7 லட்சம் சீக்கியர்கள், மக்கள் தொகையில் 2.1 சதவீதம். இந்தியாவில் 2011-இல் அவர்கள் பங்கு 1.7 சதவீதம்.

இனி உங்கள் பேரனுக்கு. குருத்வாராவில் அவனை இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வைக்காதீர்கள். ஏதாவது ஒரு வேலையை அவன் பெயரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு தோறும் தண்ணீர் ஊற்றுவது அவன் பொறுப்பு என்றால், அவன் வராவிட்டால் யாராவது தேடுவார்கள். தன்னைத் தேடுகிறார்கள் என்ற எண்ணம் பிள்ளையை இழுத்துவரும். அர்தாஸை மகளும் மருமகனும் அவனுக்கு ஆங்கிலத்திலேயே கதையாகச் சொல்லட்டும், நாளுக்கு ஒரு பெயர் போதும். சின்ன சாகிப்ஜாதாக்கள், அதாவது குரு கோவிந்த் சிங்கின் இளைய மகன்கள், சோராவர் சிங், ஃபதே சிங் கதையிலிருந்து தொடங்கலாம். ஒருவனுக்கு ஒன்பது வயது, மற்றவனுக்கு ஆறு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர் குளிரில் சிர்ஹிந்தில் ஒரு கோபுரத்தில் அடைக்கப்பட்டபோது அவர்களோடு இருந்து தைரியம் சொன்னவர் பாட்டி மாதா குஜ்ரி. மதம் மாற மறுத்த இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். பேரன் வயதுதான் அந்தப் பெரிய பையனுக்கும். கொடூரத்தை விவரிக்க வேண்டாம், அந்தப் பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 26-ஐ இந்திய அரசு 2022 முதல் வீர பால தினமாக அனுசரிக்கிறது, அன்று குருத்வாராவிலும் பேசுவார்கள். அவனுக்கு முன்பே கதை தெரிந்திருந்தால் காது கொடுத்துக் கேட்பான்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், வீடியோ அழைப்பில் அவனிடம் குருமுகி கற்றுக்கொள்ளுங்கள். ஊடா, ஐடா, ஈடீ என்று முப்பத்தைந்து எழுத்து. உங்களுக்கு ஒரு எழுத்துச் சொல்லித் தர வேண்டுமென்றால் அவன் முதலில் அதைப் படித்தாக வேண்டும். பாட்டிக்கு வாத்தியாராக இருப்பதில் எந்தப் பிள்ளைக்கும் சந்தோஷம்தான். ஹர்மந்திர் சாகிப்பில் தினமும் காலையில் வரும் ஹுக்கம்நாமா, அதாவது அன்றைய கிரந்தப் பாடல், பொருளோடு இணையத்தில் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் நீங்கள் இருவரும் சேர்ந்து பார்க்கலாம். நீங்கள் தேவாரமோ திருவாசகமோ பாடுகிறவராக இருந்தால் அதையும் அவனிடம் மறைக்க வேண்டியதில்லை. பக்தியோடு பாடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எந்தப் பாட்டையும் மதிக்கத் தெரியும். ஆனால் அவன் எந்த வழியில் வளர வேண்டும் என்று பெற்றோர் முடிவு செய்திருக்கிறார்களோ, அதில் குறுக்கே நிற்காமல் இருங்கள். இரண்டு பாட்டிமாரும் இரண்டு பக்கம் இழுத்தால் அவன் இரண்டையும் விட்டுவிடுவான்.

சம்பந்தி அம்மா இப்போதே அம்ரித் எடுப்பது, அதாவது பேரன் சீக்கிய தீட்சை பெறுவது, பற்றிப் பேசினால், மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மிகச் சின்ன வயதில் கூடாது, விவரம் தெரிந்த பிறகே என்று ரெஹத் மர்யாதாவே சொல்கிறது. பதினெட்டில் கேட்டாலும் முப்பதில் கேட்டாலும் தீட்சை கொடுக்கும் ஐந்து பேர் முன்னால் அவன் போய் நிற்கலாம். மூன்றாவது குருவான அமர்தாஸ், குரு அங்கத்திடம் வந்து சேர்ந்தபோது அறுபது வயதை எட்டியிருந்தார் என்பது மரபு. அவர் மனம் அந்தப் பக்கம் திரும்பியது எப்படி என்றால், சகோதரர் வீட்டு மருமகள் பீபி அம்ரோ விடியற்காலையில் நானக்கின் பாட்டைப் பாடுவது காதில் விழுந்து, இது யாருடைய பாட்டு என்று போய்க் கேட்டதால். சம்பந்தி அம்மாவுக்கு இந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்கும், அடுத்த முறை அவர் அழும்போது நினைவுபடுத்துங்கள்.